சிறைச்சாலை இடம் மாறினால் கடைத்தெருவுக்கு என்ன ஆகும்?

நகரத்தின் நடுவே இருக்கும் சிறைச்சாலையை ஊருக்கு வெளியே கொண்டு போவது, காலியான இடத்தில் பூங்காவோ மருத்துவமனையோ வணிக வளாகமோ கட்டுவது என்னும் வேலை கடந்த 30 ஆண்டுகளாகப் பல ஊர்களில் நடந்து வருகிறது. பத்திரிகையில் படிக்கும்போது, “நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நாம் ஜெயிலுக்குப் போகிறவர்களா?” என்று தோன்றும். சம்பந்தம் உண்டு. சிறைச்சாலை என்பது அரசுக்கு ஒரு கட்டடம், கைதிக்கு ஒரு தண்டனை. அதன் எதிர்ச்சாரியில் கடை வைத்திருப்பவருக்கோ அது தினசரி வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து இறக்கும் ஒரு வாசல். அந்த வாசல் நகர்ந்தால் கல்லாவும் நகரும்.

சிறைச்சாலை மட்டுமல்ல. நீதிமன்றம், பேருந்து நிலையம், தாலுகா ஆபீஸ், சந்தை என்று எது இடம் மாறினாலும் கணக்கு ஒன்றுதான். சிறையின் கதை கொஞ்சம் பெரியது, நீண்ட காலம் எடுப்பது. அதனால் அதிலிருந்து படித்துக்கொள்ள வேண்டியதும் அதிகம்.

மதிலோரத்து வியாபாரம்

சிறைச்சாலையைச் சுற்றி எப்படிப்பட்ட வியாபாரம் நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

முதலாவது, மனு பார்க்க வருகிறவர்கள். விடியற்காலையில் பஸ் ஏறி, கையில் பையோடு வந்து, பெயர் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள். அவர்களுக்குச் சாயா வேண்டும், இரண்டு இட்லி வேண்டும், கைக்குழந்தைக்குப் பால் வேண்டும். உள்ளே கொடுக்க அனுமதிக்கப்பட்ட பழம், பிஸ்கட், சோப்பு, துண்டு வாங்குவார்கள். இவர்கள் பேரம் பேச மாட்டார்கள். கடனும் கேட்க மாட்டார்கள். மறுநாள் வேறு ஆட்கள் வருவார்கள்.

இரண்டாவது, வேலை செய்கிறவர்கள். காவலர், அலுவலர் குடும்பங்கள் பெரும்பாலும் சிறையை ஒட்டிய குடியிருப்பில் இருக்கும். மாதச் சம்பளக் குடும்பம் என்றால் பலசரக்குக் கடைக்கு அதுவே முதுகெலும்பு. முதல் தேதி பற்று தீரும், பத்தாம் தேதி மறுபடி ஏறும்.

மூன்றாவது, சிறைக்கே போகும் சரக்கு. நூற்றுக்கணக்கான பேருக்கு மூன்று வேளை சமையல் நடக்கும் இடம் அது. பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், காய்கறி, விறகு, எரிவாயு என்று ஒப்பந்தப்புள்ளி மூலமாக வாங்குவது நெடுநாள் வழக்கம். அதை எடுத்த மொத்த வியாபாரிக்கு அது ஒரு நிரந்தர வரவு.

நான்காவது, ஜாமீன், வழக்கு என்று வரும் வக்கீல் குமாஸ்தா, ஜெராக்ஸ் கடை, தட்டச்சு, முத்திரைத்தாள், ஆட்டோ. இவை எல்லாம் ஒரே சரடில் கோத்த மணிகள். நடுவில் ஒரு மணி அறுந்தால் மற்றவையும் சிந்தும்.

நிலப் பரிமாற்றம்

இனி, இடமாற்றம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அரசிடம் ரொக்கம் குறைவு, நிலம் உண்டு. நகரத்தின் நடுவில் இருக்கும் 10 ஏக்கர் பல கோடி பெறும். ஊருக்கு வெளியே 100 ஏக்கர் அதைவிட மலிவு. ஆகவே நடுவில் உள்ளதைக் கொடுத்து வெளியே உள்ளதை எடுத்துக்கொள்வது, அந்த வித்தியாசத்தில் புதிய கட்டடம் கட்டிக்கொள்வது என்பது ஒரு வழி. இதைத்தான் நிலப் பரிமாற்றம் என்கிறார்கள்.

நமக்கு இது புதிதல்ல. அண்ணன் தம்பி இருவர், ஒருவருடைய வயலையும் மற்றவருடைய தோட்டத்தையும் மாற்றிக்கொண்டு பரிவர்த்தனைப் பத்திரம் எழுதுவது நம் ஊர் வழக்கம்தான். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 118-ஆவது பிரிவு இதைப் பரிவர்த்தனை என்றே வகுத்திருக்கிறது. பணத்துக்குப் பொருள் என்றால் விற்பனை, பொருளுக்குப் பொருள் என்றால் பரிவர்த்தனை. வாங்கிய சொத்தின் உரிமையில் கோளாறு இருந்து அது கைவிட்டுப் போனால் நஷ்டஈடு கேட்கவோ, கொடுத்ததைத் திரும்பக் கேட்கவோ 119-ஆவது பிரிவு வழி செய்கிறது.

அரசின் இரண்டு துறைகளுக்குள் மாற்றிக்கொள்ளும்போது பத்திரம் கிடையாது. அரசாணை ஒன்றே போதும். இங்கேதான் வியாபாரி கவனிக்க வேண்டிய நுணுக்கம் இருக்கிறது.

தனியார் நிலத்தை அரசு கையகப்படுத்தினால் 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் வருகிறது. அறிவிப்பு வர வேண்டும், சமூகத் தாக்கத்தை ஆராய வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும். நிலமே இல்லாவிட்டாலும், எடுப்புக்கு முன் 3 ஆண்டுகளாக அந்தப் பகுதியில் தொழில் செய்து பிழைத்தவரின் குடும்பத்தையும் “பாதிக்கப்பட்ட குடும்பம்” என்று அந்தச் சட்டம் கணக்கில் எடுக்கிறது. ஆனால் துறைக்கும் துறைக்கும் நடக்கும் பரிமாற்றத்தில் பழைய இடத்தில் எடுப்பே இல்லை. நிலம் முன்பும் அரசுடையது, பின்பும் அரசுடையது. ஆகவே மதிலுக்கு எதிர்ப்புறம் 40 ஆண்டுகளாகக் கடை வைத்திருப்பவருக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வராது. அவருடைய கடையை யாரும் தொடவில்லை, அவருடைய வாடிக்கையாளரை மட்டும் கொண்டு போய்விட்டார்கள். சட்டத்தின் கண்ணுக்கு அவர் பாதிக்கப்பட்டவரே இல்லை.

இந்த ஓட்டையை மனத்தில் வைத்துக்கொண்டு, நடந்த கதைகளைப் பார்ப்போம்.

சென்னை: சென்ட்ரலிலிருந்து புழலுக்கு

சென்னை மத்திய சிறை 1837-இல் ஏற்பட்டது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் பொது மருத்துவமனைக்கும் அருகே, கூவம் ஓரத்தில் இருந்தது. நம் மாவட்டத்திலிருந்து சரக்கெடுக்கச் சென்னை போன பழைய வியாபாரிகள் அந்த மதிலைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். நெரிசல் தாங்காமல் 2006-இல் அது புழலுக்கு மாறியது. கல்கத்தா நெடுஞ்சாலையில், 200 ஏக்கருக்கும் மேற்பட்ட இடத்தில், தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என மூன்று சிறைகள் அமைந்தன.

காலியான பழைய சிறையை 2009-இல் இடித்தார்கள். இடிப்பதற்கு முன் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க அனுமதித்தபோது கூட்டம் அலைமோதியது. அந்த நிலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் புதிய கட்டடம் எழுந்தது. ஒரு பகுதி மெட்ரோ ரயில் பணிக்குப் போனது. மருத்துவக் கல்லூரி, ரயில் இரண்டும் மக்களுக்குப் பயன்படுபவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் வியாபாரியின் கண்ணால் பாருங்கள். பழைய இடம் சென்ட்ரல் வாசல். சிறை போனாலும் ரயில் பயணியும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவரும் இருந்தார்கள். எனவே அந்தக் கடைத்தெரு பிழைத்துக்கொண்டது. புழலிலோ ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாகக் கூட்டம் சேர்ந்தது. அதாவது, ஒரே வாடிக்கையை நம்பாத தெரு தப்பியது. இதுதான் முதல் பாடம்.

இன்னொன்றும் கவனியுங்கள். விசாரணைக் கைதிகளின் காவல் நீட்டிப்பு இப்போது பெரும்பாலும் காணொளி மூலமாகவே நடக்கிறது. வேனில் ஏற்றி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் நாட்கள் குறைந்துவிட்டன. சிறை இடம் மாறாத ஊர்களிலும் நீதிமன்ற வாசல் கூட்டம் முன்போல் இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோவை: செக்கிழுத்த சிறை

கோவை மத்திய சிறை வணிகர்களாகிய நமக்கு மற்ற சிறைகளைப் போன்றதல்ல. தூத்துக்குடியில் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரனார், 1908-இல் தண்டிக்கப்பட்டு, செக்கிழுத்த இடம் அது. வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் ஓட்ட அவருக்குப் பங்குப்பணம் போட்டவர்களில் வியாபாரிகள் பலர். அந்தச் செக்கு இன்றும் நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. எண்ணெய் விற்கிற ஒவ்வொருவரும் ஒருமுறை பார்த்து வர வேண்டிய செக்கு.

1872-இல் ஏற்பட்ட இந்தச் சிறை, இன்று கோவையின் மையமாகிவிட்ட காந்திபுரத்தில் இருக்கிறது. 2010 ஜூன் மாதம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, சிறையை வேறிடத்துக்கு மாற்றி அங்கே செம்மொழிப் பூங்கா அமைக்கப்படும் என்று அறிவித்தார்கள். அடிக்கல் நாட்டியது 2023 டிசம்பரில். சிறை நிலத்தில் ஒரு பகுதியான 45 ஏக்கரில் பூங்கா திறக்கப்பட்டது 2025 நவம்பரில். புதிய சிறைக்குக் காரமடை பக்கம் பிளிச்சியில் இடம் பார்த்தார்கள்.

அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையே 15 ஆண்டுகள்! 2010-இல் அறிவிப்பைக் கேட்டு, “பூங்கா வருகிறது, கூட்டம் வரும்” என்று நம்பி ஒருவர் அதிக முன்பணம் கொடுத்துக் கடை பிடித்திருந்தால், கைக்குழந்தையாக இருந்த அவர் மகன் பத்தாம் வகுப்பு எழுதும் வரை வட்டி கட்டியிருப்பார். அறிவிப்பை நம்பி முதல் போடாதே என்பது இரண்டாம் பாடம்.

பெங்களூரும் புதுச்சேரியும்

பெங்களூரில் நகர நடுவே இருந்த மத்திய சிறை 1860-களில் கட்டப்பட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில் வாஜ்பாய், அத்வானி முதலியோர் அடைக்கப்பட்டிருந்த இடம். கைதிகளைப் பரப்பன அக்ரஹாரத்துக்கு மாற்றிய பிறகு பழைய சிறை சுதந்திரப் பூங்கா என்ற பெயரில் 2008-இல் திறக்கப்பட்டது. இன்று அது போராட்டங்களும் கூட்டங்களும் நடக்கும் இடமாக இருக்கிறது. கூட்டம் வரும் நாளில் வியாபாரம் உண்டு, மற்ற நாளில் நிழல்தான் உண்டு.

புதுச்சேரியில் நேரு வீதியை ஒட்டி இருந்த பழைய சிறை காலாப்பட்டுக்குப் போனது. காலியான இடத்தை வாகனம் நிறுத்தப் பயன்படுத்தினார்கள். நேரு வீதி புதுச்சேரியின் பெரிய கடைவீதி. அங்கே பொருள் வாங்க வருகிறவருக்கு வண்டி நிறுத்த இடமில்லை என்பதுதான் நெடுநாள் தலைவலி. சிறை நிலம் அந்தத் தலைவலிக்கு மருந்தாக ஆனது. பெரிய மாளிகை கட்டவில்லை, பல கோடி செலவழிக்கவில்லை, வெறும் இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கடைத்தெருவுக்கு அதுவே பெரிய உதவி. காலியான அரசு நிலத்தில் எது வந்தால் வியாபாரம் வளரும் என்று யாராவது நம்மைக் கேட்டால், முதலில் வண்டி நிறுத்த இடம் என்று தயங்காமல் சொல்லலாம்.

கடல் கடந்த இரண்டு சிறைகள்

மலேசியாவில் வேலை பார்த்த நம் மாவட்டத்தார் பலருக்குக் கோலாலம்பூரின் புடு சிறை தெரிந்திருக்கும். 1891-இல் கட்டத் தொடங்கி 1895-இல் முடித்தார்கள். 1996-இல் கைதிகளைச் சுங்கை பூலோவுக்கும் காஜாங்குக்கும் மாற்றினார்கள். நிலம் நகர மேம்பாட்டுக்கான அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. இடம் புக்கிட் பிந்தாங் பகுதி, கோலாலம்பூரின் மிகச் சிறந்த கடைவீதி. வணிக வளாகம் உடனே எழுந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மதிலை இடிக்கத் தொடங்கியதே 2010-இல். அங்கே ஜப்பானியக் கம்பெனியின் பெரிய வணிக வளாகம் திறந்தது 2022 ஜனவரியில். கைதி போனதற்கும் கடை வந்ததற்கும் இடையே 25 ஆண்டுகளுக்கு மேல். பழைய நினைவாக வாசல் கோபுரத்தை மட்டும் விட்டு வைத்தார்கள்.

வந்த கடை யாருடைய கடை என்பதையும் பாருங்கள். குளிர்சாதன வளாகத்தில் உலகக் கம்பெனிகளின் பெயர்ப்பலகைகள். மதிலுக்கு எதிரே தட்டுக்கடை வைத்திருந்தவர் அந்த வாடகையைக் கொடுத்து உள்ளே நுழைய முடியுமா? நகரம் வளர்ந்தது உண்மை, ஆனால் அந்த வளர்ச்சி பழைய கடைக்காரரைத் தாண்டிப் போய்விட்டது.

இலங்கையில் கண்டி நகர நடுவே இருந்த போகம்பறைச் சிறை 1876-ஆம் ஆண்டினது. 2014 தொடக்கத்தில் அதை மூடிக் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றினார்கள். சுற்றுலாத் தலமாக்கும் திட்டங்கள் பேசப்பட்டன. ஆனால் 2020-இல் கொரோனா வந்தபோது அந்தக் கட்டடத்தில் மறுபடி கைதிகளைத் தனிமைப்படுத்தி வைத்தார்கள். காலி செய்த சிறை 6 ஆண்டுக்குப் பின்னும் சிறையாகவே பயன்பட்டது!

பரிமாற்றத்தில் விலை சரியாக இருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. மலேசியாவிலேயே பாதுகாப்பு அமைச்சகம் செய்த 16 நிலப் பரிமாற்றங்களை 2018-இல் ஒரு குழு ஆராய்ந்தது. அரசுக்கு 50 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் இழப்பு என்று மதிப்பிடப்பட்டது. பொது ஏலத்தில் விற்றால் விலை ஊரறிய வெளியே வரும். பரிமாற்றத்தில் இரண்டு பக்கத்து மதிப்பும் காகிதத்தில் எழுதும் எண்தான். தராசில் இரண்டு தட்டிலும் சரக்கு, படிக்கல் யார் கையிலும் இல்லை. அந்த வியாபாரத்தில் யாருக்கு நஷ்டம் என்று எடைபோட்டுச் சொல்ல நம்மைவிடத் தகுதி உடையவர் யார்?

இடைக்காலம் என்னும் பள்ளம்

இத்தனை ஊர்களிலும் பொதுவாகத் தெரிவது இதுதான். பழையது போவது ஒரே நாளில், புதியது வருவது பல ஆண்டுகளில். நடுவில் உள்ள காலம்தான் சிறிய கடையைக் கொல்கிறது.

ஓர் உத்தேசக் கணக்குப் போடுவோம். அரசு அலுவலகம் ஒன்றின் எதிரே ஒரு சிறிய கடை. நாள் விற்பனை ரூ.15,000. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ரூ.5,000, அந்த அலுவலகத்துக்கு வந்து போகிறவர்களால் நடப்பது. லாபம் நூற்றுக்குப் பத்து என்றால் நாளுக்கு ரூ.1,500. வாடகை ரூ.400, கடைப்பையன் சம்பளம் ரூ.600, மின்சாரம் முதலியன ரூ.150, ஆக ரூ.1,150 போனால் மிச்சம் ரூ.350.

அலுவலகம் மாறிய மறுநாள் விற்பனை ரூ.10,000. லாபம் ரூ.1,000. செலவு அதே ரூ.1,150. இப்போது நாளுக்கு ரூ.150 கைநஷ்டம். மாதம் ரூ.4,500. ஆண்டுக்கு ரூ.54,000. மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தால் ரூ.1,62,000. இதில் கடைக்காரர் தம் வீட்டுச் செலவுக்கு ஒரு பைசாகூட எடுக்கவில்லை!

விற்பனை குறைந்தது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் மிச்சம் முழுவதும் போய், கைப்பணமும் கரைகிறது. வாடகையும் சம்பளமும் விற்பனையோடு சேர்ந்து குறைவதில்லை என்பதே காரணம். “கொஞ்சம் மந்தம்தான், சமாளித்துக்கொள்ளலாம்” என்று இருக்கிறவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் கடைக்கு ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்தின் நிலை

நம் ஊரில் அப்படியொரு உத்தரவு வந்துவிட்டது என்று பீதி கிளப்ப இதை எழுதவில்லை. ஆனால் வந்தால் எப்படி வரும் என்று யோசித்து வைப்பது வியாபாரிக்கு அழகு.

குமரி மாவட்டத்தில் மத்திய சிறை கிடையாது. நாகர்கோவிலில் மாவட்டச் சிறை இருக்கிறது. நீண்ட தண்டனை பெற்றவர்கள் பாளையங்கோட்டை மத்திய சிறைக்குப் போகிறார்கள். 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூரோடு இருந்தபோது திருவனந்தபுரம் பூஜப்புரைதான் பெரிய சிறை. அதற்கும் முன்னே போனால் தக்கலை அருகே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவராகி, அந்தக் கோட்டையைப் பலப்படுத்தினார். திப்புவோடு நடந்த போரில் பிடிபட்டவர்களை அங்கே சிலகாலம் அடைத்து வைத்திருந்தார்கள். இன்று அது பூங்கா. சிறை பூங்காவாவது நமக்கும் பழகிய கதைதான்.

நமக்குள்ள தனிச்சிக்கல் நிலம். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். புழலில் கிடைத்ததுபோல் 200 ஏக்கர் தரிசு இங்கே எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் மலையும் காடும், ஒரு பக்கம் கடல், நடுவில் வயலும் குளமும் தோப்பும் வீடும். நகர நடுவே ஓர் அலுவலகத்தை எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் ஒரு வயற்பற்றில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். பேச்சிப்பாறைத் தண்ணீர் பாய்ந்து இரண்டு பூ விளைந்த நாஞ்சில் நாட்டு வயல், வீட்டுமனையாகிக் குறைந்துகொண்டே வருவதைக் கண்ணால் பார்க்கிறோம். நெல் குறைந்தால் அரிசி மண்டிக்குச் சரக்கு வெளியூரிலிருந்து வர வேண்டும். லாரி வாடகை ஏறும். பரிமாற்றத்தின் ஒரு பக்கம் நகரத்து நிலம் என்றால், மறுபக்கம் எந்த நிலம் என்று கேட்பதும் வியாபாரியின் வேலைதான்.

நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆயிற்று. மாநகராட்சி என்றால் வரியும் உயரும், திட்டங்களும் வரும். வெளியூர்ப் பேருந்துக்கு வடசேரி, உள்ளூர்ப் பேருந்துக்கு மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையம் என்று இரண்டு மையங்கள். கோட்டாற்றுக் கடைவீதி, வடசேரிச் சந்தை, அப்டா மார்க்கெட், தோவாளைப் பூச்சந்தை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை, ஒரு நேரம், ஒரு வாடிக்கை. இவற்றில் எந்த ஒன்றின் பக்கத்தில் ஒரு பெரிய அலுவலகம் நகர்ந்தாலும் பாதை மாறும், நேரம் மாறும், வாடிக்கை மாறும்.

சென்னைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு உதாரணம் தேவையில்லை. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் திறந்த பிறகு நம் ஊர்ப் பேருந்து கோயம்பேடு வரை போவதில்லை. கோயம்பேட்டில் விடியற்காலை இறங்கி முதல் சாயா குடித்த கடையை நினைத்துப் பாருங்கள். நாம் அங்கே போகாததை யாராவது அந்தக் கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்தார்களா?

கொத்தவால் சாவடி சொல்லும் பாடம்

வியாபாரிகள் தாங்களே இடம் மாற வேண்டி வந்த கதையும் உண்டு. சென்னை கொத்தவால் சாவடி நூறாண்டுக்கும் மேலான காய்கறிச் சந்தை. சந்துக்குள் லாரி நுழைந்தால் நாள் முழுக்க நகராது. 1996-இல் காய், கனி, பூ மொத்த வியாபாரம் முழுவதும் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. சுமார் 295 ஏக்கர், 3,000-க்கும் மேற்பட்ட கடைகள். பழைய இடத்தில் அந்த மொத்த வியாபாரம் தொடரக் கூடாது என்று தனிச்சட்டமே போட்டார்கள்.

அன்று வருத்தம் இருந்தது, எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே வியாபாரி எண்ணிக்கையில் சேர்ந்தார். யாருக்கு எந்த அளவில் கடை, என்ன விலை என்று பேச ஒரு மேசை இருந்தது. சரக்கும் ஆளும் லாரியும் சேர்ந்து போனதால் புதிய சந்தை முதல் நாளே சந்தையாக இருந்தது. சிறையோ நீதிமன்றமோ நகரும்போது இந்த மேசையே போடப்படுவதில்லை. மேசை போடச் சொல்லிக் கேட்பதுதான் சங்கத்தின் கடமை.

நாம் செய்யக்கூடியவை

1. விவரத்தை முதலில் பெறுங்கள். ஒரு திட்டம் பற்றிப் பேச்சு அடிபட்டால் வதந்தியை நம்பாமல், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ரூ.10 கட்டணத்தில் மனுக் கொடுத்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். நிலம் எவ்வளவு, எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு, மதிப்பு என்ன, அரசாணை எண் என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

2. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியிருக்கிறது. “அப்பா காலத்திலிருந்து இருக்கிறோம்” என்பது இப்போது போதாது. அரசு, உள்ளாட்சிக் கட்டடங்களில் கடை வைத்திருப்போருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு ஏல நிபந்தனைதான் எல்லாம். அதை வரி விடாமல் படித்து வையுங்கள்.

3. நடைபாதை, தள்ளுவண்டி வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுத்துச் சான்று கொடுப்பதற்கு முன் அவர்களை அகற்றக் கூடாது. இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பெரிய கடைக்காரர் தம் வாசலில் நிற்கும் பழவண்டிக்காரருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் குறைந்து போக மாட்டார்.

4. புதிய இடத்தில் கடை கேளுங்கள். புதிய வளாகத் திட்டம் வரையும்போதே வாசலருகே சில கடைகள், அவற்றில் பழைய இடத்தில் பாதிக்கப்படுவோருக்கு முன்னுரிமை என்று சங்கம் மனுக் கொடுக்க வேண்டும். கட்டி முடித்தபின் கேட்டால் கிடைக்காது.

5. பழைய இடத்தில் என்ன வேண்டும் என்பதையும் நாமே சொல்லுவோம். வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, சரக்கு இறக்க இடம், மழைநீர் வடிகால். மாளிகை கேட்டால் 25 ஆண்டு காத்திருக்க வேண்டும். நிறுத்துமிடம் கேட்டால் 25 நாளில் கிடைக்கலாம். பெரிய திட்டம் வரும்வரை தற்காலிகமாகவாவது அந்த நிலத்தைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்பதில் அரசுக்கும் செலவில்லை.

6. முதல் போடுவதில் நிதானம் வேண்டும். அறிவிப்புக்கு ஒரு விலை, அரசாணைக்கு ஒரு விலை, ஒப்பந்தப்புள்ளிக்கு ஒரு விலை, கட்டடம் எழும்பியபின் ஒரு விலை. அறிவிப்பு நாளிலேயே கடைசி விலையைக் கொடுத்துக் கடை பிடிக்காதீர்கள்.

7. ஒரே வாடிக்கையை நம்பியிருப்பதைக் குறையுங்கள். உங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே அலுவலகத்தாலோ ஒரே வாசலாலோ வருகிறது என்றால், இன்றே இரண்டு தெரு தள்ளி உள்ள வீடுகளுக்குச் சரக்கு கொண்டு கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்குங்கள்.

முடிவாக

சிறைச்சாலைகள் நகரின் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே இருப்பவரும் மனிதர். காற்றும் வெளிச்சமும் உள்ள இடம் அவர்களுக்கும் வேண்டும். ஆனால் ஊருக்கு வெளியே கொண்டு போகும்போது, மனு பார்க்க வரும் ஏழைத் தாய்க்குப் பஸ் வசதி உண்டா என்று பார்க்க வேண்டும். அந்தத் தாய்க்குச் சாயா கொடுத்த கடைக்காரர் என்ன ஆவார் என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவதைக் கேட்க நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை.

நிலத்துக்கு நிலம் மாற்றுகிறவர்கள் அளவையும் மதிப்பையும் எழுதுகிறார்கள். அந்த நிலத்தைச் சுற்றிப் பிழைப்பவர்களின் கணக்கை யாரும் எழுதுவதில்லை. அந்தக் கணக்கை எழுதி வைப்போம். எத்தனை கடை, எத்தனை ஆள், எத்தனை ஆண்டு, என்ன விற்பனை என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பட்டியல் சங்கத்தில் இருக்கட்டும். நாளை எந்த அதிகாரி முன்னால் போய் நின்றாலும் வெறுங்கையோடு நிற்காமல், கணக்கோடு நிற்கலாம்.